சுருள்பந்தல்

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அதன் உண்மையை ஆராய விரும்புவார், மே மாதத்து நண்பகலிற் செங்கல்பட்டுப் புகைவண்டி நிலையத்தினின்றும் வெளிப்போந்து, கொளவாய் ஏரிக்கரைமேற் சிறிது தொலைவு நடப்பாராயின் அதுவே போதியதாகும். மரமுள்ள இடத்தில் நாம் மரத்தை நாடிச் செல்கிறோம். மரமில்லாத இடத்திற்குச் செல்வாரோ நிழலையும் உடன்கொண்டு செல்லுதல் வேண்டும். அங்ஙனம் கொண்டுசெல்லுதற்குரிய கருவியொன்றை எம் குடும்பத்தார் தேர்ந்து வாங்கியதையும், அதனைக் கையாளத் தெரியாமல் இடர்ப்பட்டதையும், பின்னர்க் கற்றுக்கொண்டதையும் ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

உள்ளே படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்து, ஒரு சிறு வீடுபோல் ஆக்கிக்கொண்ட மோட்டார் வண்டிகள் சில இந்நாளில் நம் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றைக் கேரவன் என்பர். கூட்டமாக வழிச்செல்லும் வணிகரைக் குறித்த பாரசீகச் சொல்லினின்றும் வந்த பெயர் அது. நம் நாட்டார்க்கு அப்பெயரைக் கேட்டவுடன் திரைப்பட நடிகர் ஓய்வு கொள்ளும் வண்டியே நினைவிற்கு வரும். எனினும், 2021 ஆம் ஆண்டிற் கேரள அரசு இத்தகைய வண்டிகளுக்கெனவே ஒரு சுற்றுலாக் கொள்கையை வெளியிட்டது. குடும்பத்தோடு ஊர் காணச் செல்வார் சிலரும் இவற்றை நாடுகின்றனர். இவ்வண்டியின் கூரை விளிம்பில் நீண்ட பேழையொன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனுள் உருளையிற் சுருண்டு கிடக்கும் துணியை வெளியே இழுத்துவிட்டால், வண்டியின் பக்கத்தே ஒரு திண்ணை அளவிற்கு நிழல் உண்டாகும்.

கடைக்காரர் இதனை 'ஆனிங்' என்பர். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் எமக்கு அப்பெயரை அவ்வாறே வழங்க மனம் ஒருப்படவில்லை. விதானம், மேற்கட்டி, சாய்ப்பு எனப் பல சொற்களை எண்ணிப் பார்த்து, முடிவில் 'சுருள்பந்தல்' என்று பெயரிட்டோம். இலக்கணம் கற்றார் இதனை வினைத்தொகை என்று உடனே கண்டுகொள்வர். சுருண்ட பந்தல், சுருள்கின்ற பந்தல், சுருளும் பந்தல் என முக்காலமும் அதனுள் அடங்கும். பெயரிட்ட அன்று அஃது எமக்கு ஒரு சொல்விளையாட்டாகவே இருந்தது. அம்முக்காலத்துள் எதனை யாம் மறந்தோம் என்பதைக் கடற்கரையே பின்னர் எமக்குக் கற்பித்தது.

இது மேனாட்டார் புதிதாகக் கண்ட பொருள் என்று எவரும் எண்ணற்க. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேற் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், உப்பு வணிகர் குடும்பத்தோடு வழிச்செல்லும் வண்டிகள் காட்டப்படுகின்றன. அவ்வண்டிக்கு வேய்ந்த கூரை உண்டு. காடிக் கலம் அதிலே தொங்கும். குழந்தையையுடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுவாள். எனவே, வீட்டையே வண்டியில் ஏற்றிச் செல்லும் வழக்கம் இத்தொண்டை நாட்டிற்குப் பழமையானதே. இனிச் சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையிற் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரையில் ஒரு புன்னை நிழலிலே தங்குகின்றனர். மரநிழல் இருந்தும், சுற்றிலும் ஓவியத்திரை வளைத்து மேலே விதானமும் அமைத்தனர். மேற்பந்தல் மட்டும் போதாது, பக்கத்திரையும் வேண்டும் என்பதனை இளங்கோவடிகள் காலத்தாரே அறிந்திருந்தனர் போலும். அவ்விதானத்தின் கீழேதான் அவ்விருவர்க்கும் ஊடலும் பிரிவும் நேர்ந்தன என்பதனையும் கற்றார் மறவார்.

மாமல்லபுரத்திற் பல்லவர் ஏழாம் நூற்றாண்டில் ஒரே பாறையிற் செதுக்கிய திரௌபதி இரதம், கூரை வேய்ந்த குடிலின் வடிவினது. அதன் அருகிலுள்ள மற்றை இரதங்களில், சுவருக்குப் புறம்பே வளைந்திறங்கும் கொடுங்கையைக் காணலாம். வீட்டுச் சுவரில் வெயிலும் மழையும் படாமல் இறக்கிவிட்ட கூரை விளிம்பே அங்குக் கல்லாயிற்று. கல்லாலான அப்பந்தல் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாகக் கடற்காற்றுக்கு அசையாமல் நிற்கின்றது. ஆனால் அதனைச் சுருட்டவும் இயலாது. உடன்கொண்டு செல்லவும் இயலாது. காற்றுக்கு அசையாது நிற்றல், கூப்பிட்ட இடத்திற்கு உடன்வருதல் ஆகிய இரண்டனுள் ஒன்றையே ஒரு பந்தலிடம் நாம் எதிர்பார்த்தல் கூடும். இதனை அன்றே எண்ணிப் பார்த்திருப்போமாயின் இக்கட்டுரை எழுத நேர்ந்திராது.

எம் பாட்டியார் கோவளத்து மீனவர் குடியிற் பிறந்தவர். அவ்வூர்க் கார்மேல் மாதா கோயிலின் மணியோசைக்கும் அலையோசைக்கும் இடையே வளர்ந்தவர். மணம் முடிந்தபின் செங்கல்பட்டில் வாழ்ந்தாரேனும், ஆண்டிற்கு இருமுறையாவது கடற்கரையில் ஒரு பகற்பொழுதைக் கழிக்காமல் இரார். நான்கு ஆண்டுகட்கு முன் அவரை லூபஸ் என்னும் நோய் பற்றிற்று. உடலைக் காக்கும் ஆற்றலே உடலை எதிர்த்து நிற்பது அந்நோயின் இயல்பு. வெயிலிலுள்ள புறவூதாக் கதிர்கள் பட்டால் அது கிளர்ந்தெழுதலும் உண்டு. ஆகவே பகலில் வெளியே செல்லலாகாது என்று மருத்துவர் கட்டளையிட்டார். பாட்டியார் அதனைக் குறை கூறாமல் ஏற்றுக்கொண்டார். ஆயினும் ஒருநாள் மாலை, முறத்தில் இட்ட கருவாட்டைப் பொறுக்கிக்கொண்டே, “கடல் மணம் இதிலாவது இருக்கிறதே, கண்ணு” என்றார்.

அச்சொல் எம் சிறிய தந்தையார் செவியிலும் விழுந்தது. அவர் அப்பொழுதுதான் பழைய வேன் ஒன்றை வாங்கி, கேரவனாக மாற்றிக்கொண்டிருந்தார். பதிவுச் சான்றிற் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மனம்போல் திருத்துதலை 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு தடுக்கின்றமையின், உரிய இசைவைப் பெற்றே அவ்வேலை நடந்தது. “அம்மா கடற்கரையில் ஒரு நாள் முழுதும் உட்கார வேண்டும், அதற்கு ஒரு பந்தல் வாங்குவோம்” என்றார். அன்றுமுதல் எம் வீட்டில் வேறு பேச்சில்லை.

பந்தல் வகைகளை ஆராய்ந்தோம். முதலாவது, வெறும் தார்ப்பாய். விலை மிகக் குறைவு. மூங்கிற் கழியும் கயிறும் இருந்தாற் போதும். ஆனாற் கட்டவும் அவிழ்க்கவும் பல கைகள் வேண்டும். இரண்டாவது, பைப்பந்தல். துணியும் கம்புகளும் ஒரு நீண்ட பையினுள் அடங்கி, வண்டியின் மேற்சட்டத்தோடு இணைந்திருக்கும். எடை குறைவாகலின் ஜீப்பிற் காடு மலை செல்வார் இதனை விரும்புவர். மூன்றாவது, பேழைப்பந்தல். அலுமினியப் பேழையின் ஓரத்திலுள்ள பல்சக்கரத்திற் கைப்பிடியைப் பொருத்திச் சுற்றினால், உருளையினின்றும் துணி வெளிவரும். வில் பொருத்திய இரண்டு மடக்குக் கைகள் அதனை விறைப்பாகப் பிடிக்கும். முன்சட்டத்தில் மடங்கிக் கிடக்கும் இரு கால்களை இறக்கித் தரையில் ஊன்ற வேண்டும். நான்காவது, இதனையே மின்விசையால் இயக்குவது. பொத்தானை அழுத்தினாற் போதும் என்பதனைக் கேட்டுச் சிறிய தந்தையார் மகிழ்ந்தார். எம் தந்தையாரோ, “தம்பி, பாட்டரி தீர்ந்த நேரத்திற் காற்று வந்தால் என்ன செய்வாய்?” என்று ஒரே கேள்வி கேட்டார். கைப்பிடியுடைய மூன்றாம் வகையே முடிவாயிற்று.

அடுத்தது துணி. சென்னைப் பாரிமுனைப் பகுதியிற் படுதாக் கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவர் மூன்று துண்டுகளை எம் கையில் வைத்தார். பருத்திக் கித்தான் குளிர்ந்த நிழல் தரும்; ஆனால் ஈரத்தில் இற்றுப்போகும். வினைல் பூசிய துணி ஒரு துளி நீரும் விடாது; கழுவுதல் எளிது; எனினும் அதனூடே காற்றுப் புகாமையால் அடியில் வெப்பம் தங்கும். அக்ரிலிக் நூலால் நெய்ததிற் காற்று ஓரளவு ஊடுருவும், நிறம் எளிதில் மங்காது, விரைவில் உலரும், நீடித்த மழையில் மட்டும் சிறிது கசியும். “ஐயா, மழைக்கா வெயிலுக்கா? அதைச் சொல்லுங்கள், துணியை நான் சொல்கிறேன்” என்றார் அம்முதியவர். யாம் வெயிலுக்கு என்றோம். புறவூதாக் கதிர்களில் ஐம்பதில் ஒரு பங்கையே உள்ளே விடுவதாக 50 என்னும் காப்பெண் பெற்ற அக்ரிலிக் துணியைத் தேர்ந்தோம். எம் பாட்டியார்க்கு நிழல் என்பது இன்பப் பொருளன்று, மருந்து. ஆகலின் அவ்வெண்ணை இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

எப்பக்கத்திற் பொருத்துவது என்பது மூன்றாம் வினா. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்லுவன. ஏறி இறங்கும் கதவும் இடப்புறமே. பந்தலும் அப்பக்கமே இருத்தல் வேண்டும். வலப்புறம் செல்லும் நாட்டாருக்கென்று செய்த பந்தல்களில் கைப்பிடி முதலியன மாறியிருத்தல் கூடுமாதலின், வாங்குவோர் இதனை உசாவி அறிதல் நலம். நான்காவது அளவு. எம் பந்தல் 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உடையது. ஆறு சதுர மீட்டர் நிழல். கூரைத் தகட்டில் மட்டும் திருகினாற் பெயர்ந்துவிடும் என்று, உள்ளிருக்கும் எஃகு விலாவெலும்புகளோடு மூன்று இடங்களிற் பிணைத்தோம்.

இந்நிலையில் எம் தங்கை ஒரு செய்தியைக் கொணர்ந்தாள். உலர்ந்த கடற்கரை மணல் தன்மேற் படும் புறவூதாக் கதிர்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கையும், கடல் நுரை இருபத்தைந்து பங்கையும் திருப்பி எறியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மேலே நிழல் இருந்தும், கீழிருந்தும் பக்கத்திருந்தும் கதிர் வந்து படும் என்பதாயிற்று. உடனே பந்தலின் முன்புறத்திற்கும் வடபுறத்திற்கும் நெருங்கிய இழையுள்ள வலைத்திரைகளைத் தைக்கச் செய்தோம். புகார்க் கடற்கரையின் ஓவியத்திரை எம் நினைவில் நின்றது. அன்பு மிகுதியால் யாம் சேர்த்த அத்திரைகளே பின்னர் எமக்குப் பகையாயின.

கடந்த மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வைகறை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். பாட்டியார், பெற்றோர், சிறிய தந்தையார், தங்கை, யாம் என அறுவர். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் அடைந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்று, பட்டிபுலத்தருகே உரிமையாளர் இசைவு பெற்ற ஒரு சவுக்குத் தோப்பின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினோம். தெற்கு நோக்கித் திருப்பி நிறுத்தியமையின் இடப்பக்கம் கடலைப் பார்த்தது. பந்தலை விரித்தோம்; திரைகளைத் தொங்கவிட்டோம்; கால்களை ஊன்றி முளையடித்தோம். பாட்டியார் நாற்காலியில் அமர்ந்து வலைத்திரையினூடே கடலைக் கண்டார். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. எம் அன்னையார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

முற்பகல் முழுதும் மேற்கினின்றும் வெங்காற்று வீசிற்று. வண்டி அதனைத் தடுத்து நின்றமையால் பந்தலின் கீழே அமைதி இருந்தது. பன்னிரண்டரை மணியளவில், சவுக்கு மரங்களின் இரைச்சல் திடீரென்று நின்றது. பாட்டியார் பேச்சை நிறுத்தி முகத்தை உயர்த்தினார். “கண்ணு, கோடை விழுந்துவிட்டது. கொண்டல் ஏறப் போகிறது. பந்தலைச் சுருட்டிவிடு” என்றார்.

வடக்கினின்று வருவது வாடை, கிழக்கினின்று கொண்டல், தெற்கினின்று தென்றல், மேற்கினின்று கோடை என்பதனை யாம் நன்கு அறிவோம். தேர்விலும் எழுதி மதிப்பெண் பெற்றோம். அச்சொற்களுள் ஒன்று ஒருவர் வாயினின்றும் வந்து எம்மை ஒரு வேலை செய்யச் சொன்னது அதுவே முதன்முறை. ஆயினும், “காற்றே இல்லையே, ஆயா! உண்டபின் சுருட்டலாம்” என்றோம். அவர் மறுபடியும் சொல்லவில்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். தொலைவில் நீர்மேல் வெண்கோடு ஒன்று தோன்றிக் கரையை நோக்கி வந்தது. அதனையும் கண்டோம், அழகிது என்றோம்.

சோற்றுப் பாத்திரத்தைத் திறந்த நேரத்திலே காற்று வந்தது. தென்கிழக்கினின்றும் வந்த அது, திரையில்லாத தென்புறத்தே நுழைந்தது. மேலே பந்தல், மேற்கே வண்டி, கிழக்கிலும் வடக்கிலும் திரை. புகுந்த காற்றுக்கு வெளிச்செல்ல வழியில்லை. மணலில் அடித்த முளைகள் பல் பிடுங்குவதுபோல் எளிதிற் பிடுங்கிக்கொண்டன. பந்தல் பாய்மரம்போல் புடைத்து மேலெழுந்தது. அதன் கால் ஒன்று சுழன்று, பாட்டியார் தோளுக்கு ஒரு சாண் அப்பால் மணலிற் குத்திற்று. ஐவரும் எழுந்தோம். ஒருவர் துணியைப் பற்றினோம்; ஒருவர் கைப்பிடியைச் சுற்றினோம்; ஒருவர் முன்சட்டத்திற் தொங்கினோம். பத்து நிமிடம் போராடி ஒருவாறு சுருட்டினோம். மடக்குக் கை ஒன்று வளைந்ததன்றித் துணி கிழியவில்லை என்று சிறிய தந்தையார் உவகையோடு கூறினார்.

அப்பொழுதுதான் எம் தங்கை, “ஆயா!” என்று கூவினாள்.

பாட்டியார் உச்சி வெயிலிலே நின்றுகொண்டிருந்தார். பந்தல் எழுந்தபோது நாற்காலியும் சாய்ந்தது, குடையும் பறந்தது. கைத்தடியை ஊன்றி, எம்மைக் கூப்பிடாமல், தாமே அடிமேல் அடிவைத்து வண்டியின் கதவை நோக்கி வந்துகொண்டிருந்தார். அப்பத்து நிமிடத்தில் ஐவருள் ஒருவரேனும் அவரை நினைக்கவில்லை. பந்தலைக் காத்தோம்; பந்தல் யார்பொருட்டு விரிக்கப்பட்டதோ அவரை மறந்தோம். ஓடிச்சென்று தாங்கியபோது, “யோனாவுக்கு ஆமணக்கு, எனக்கு ஆனிங்” என்று சொல்லி நகைத்தார். நினிவே நகர்க்குப் புறத்தே யோனா தீர்க்கதரிசிக்கு நிழலாக முளைத்த செடி மறுநாளே பட்டுப்போனதையும், அதன்பின் வெப்பமான கீழ்க்காற்று வீசியதையும் வேதம் கற்றார் அறிவர். பாட்டியார் நகைத்தார், யாம் நகைக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் கன்னங்களிற் செந்தடிப்புத் தோன்றியது. பத்து நாள் மூட்டு வலியாற் படுக்கையில் இருந்தார்.

அப்பத்து நாளும் யாம் அவர் கட்டிலருகே இருந்தோம். நிகழ்ந்ததற்குக் காரணம் தேடினோம். பகலில் நிலம் கடலினும் விரைவிற் சூடேறும். நிலத்தின்மேலுள்ள காற்று எழும். அதன் இடத்தை நிரப்பக் கடலினின்றும் குளிர்காற்று வரும். மே மாதத்தில் மேல்காற்று அதனை எதிர்த்து நிற்பதால் கடற்காற்றுப் பிந்தி வரும். வரும்போது திசை திடீரென மாறும். இடையே தோன்றும் அமைதி, காற்று இல்லை என்பதற்கு அறிகுறியன்று. வேறு காற்று வருகின்றது என்பதற்கே அறிகுறி. கணக்கும் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 18 கிலோமீட்டர் விரைவுள்ள காற்று, ஆறு சதுர மீட்டர்த் துணியை முழுதும் தாக்கினால் அதன் விசை ஏறத்தாழ 9 கிலோ எடைக்கு ஒப்பாகும். விரைவு இருமடங்கானால் விசை இருமடங்கன்று, நான்மடங்காகும். அஃதாவது 36 கிலோ. காற்றுச் சிறிது மிகுந்தால் கயிற்றைச் சிறிது இறுக்கலாம் என்று எண்ணுவார் ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

பாட்டியார் எம் கணக்கைப் பொறுமையோடு கேட்டபின், “பாயை விரிக்கச் சிறுபிள்ளைக்கும் தெரியும், இறக்கும் நேரம்தான் தெரியவேண்டும் என்பார் எங்கள் அப்பா” என்றார். கட்டுமரத்திற் பாய் கட்டிச் சென்ற தம் தந்தையாரிடம் கற்ற மற்றொன்றையும் சொன்னார். மணலில் முளை நில்லாது; சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றை அதன் நடுவிற் கட்டிக் குறுக்காகப் புதைத்தால், மேலுள்ள மணலின் சுமையே அதனைப் பிடித்துக்கொள்ளும். கடையில் விற்கும் எம்முளையும் இதற்கு ஈடாகாதென்று பின்னர்க் கண்டோம்.

நலம் பெற்றபின் அவரே, “மறுபடி எப்போது?” என்று கேட்டார். இம்முறை பந்தலின் விருப்பத்திற்கன்றி, ஞாயிறும் காற்றும் செல்லும் வழிக்கு ஏற்ப நடந்தோம். காலையில் வண்டியை வடக்கு நோக்கி நிறுத்தினோம். பந்தல் மேற்கே நிலத்தைப் பார்த்தது. வண்டியின் நிழலும் அப்பக்கமே விழுந்தமையின் முன்திரை வேண்டியிருக்கவில்லை. வண்டியின் கதவையும் எதிர்ப்புறத்துச் சன்னலையும் திறந்துவைத்தோம். அச்சன்னற் சட்டத்தினுள் ஒரு படம்போலக் கடல் தெரிந்தது. பதினொரு மணிக்கு, காற்றும் வெயிலும் இனியனவாக இருந்தபோதே பந்தலைச் சுருட்டிவிட்டு உள்ளே சென்றோம். பகலுணவு, உறக்கம், செபமாலை எல்லாம் வண்டிக்குள்ளேயே. மாலை நான்கு மணிக்குப் பிறகு வெளிவந்து கடற்புறத்தே நாற்காலி இட்டோம். பந்தலை விரிக்கவேயில்லை, 2.6 மீட்டர் உயரமுள்ள வண்டி, ஞாயிறு முப்பது பாகை உயரத்திற்குத் தாழ்ந்த பொழுதில் நான்கரை மீட்டர் நீளத்திற்குத் தானே நிழல் பரப்பிற்று. பணம் கொடுத்து வாங்கிய நிழலினும் பெரிய நிழல் எம்முடன் எப்பொழுதும் வந்துகொண்டிருந்ததை அன்றுதான் அறிந்தோம். கொண்டல் தன் விருப்பம்போல் வீசிற்று. பாட்டியார் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அக்காற்றை முகத்தில் ஏற்றவாறு இருட்டும்வரை அமர்ந்திருந்தார்.

பந்தல் வாங்குவார்க்குப் பயன்படுமென்று இன்னும் சில கூறி முடிப்போம். விரிக்கும்போது ஒரு மீட்டர் வந்தவுடன் நிறுத்திக் கால்களை இறக்குக. பின்னரே முழுதும் விரிக்க. மழையில் ஒரு காலை மற்றதினும் தாழ்த்தி வைக்க. அங்ஙனம் செய்யாக்கால், எம் பந்தல் போன்றதில் ஒரு சென்டிமீட்டர் நீர் தேங்கினும் 60 கிலோ சுமையாகும். ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால் வீடு சேர்ந்தவுடன் விரித்து உலர்த்துக. இன்றேற் பூஞ்சணம் பிடிக்கும். கடற்கரையினின்றும் திரும்பியதும் நன்னீரால் உப்பையும் மணலையும் கழுவுக. அலுமினியத்தோடு சாதாரண இரும்புத் திருகு சேர்ந்த இடத்தை உப்பு விரைவில் அரிக்கும். இரவிற் பந்தலடியில் விளக்குகளை எரியவிடற்க. இக்கரையில் ஆண்டின் முதல் மாதங்களில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளும் அவற்றின் குஞ்சுகளும் ஒளியால் வழிமாறிக் கெடும். புயற்காலத்திற் பந்தலை நினைத்தும் பாரற்க. 2022 டிசம்பர் 9 ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையேறியதை இக்கரையார் மறந்திலர். ஒருகால் எதிர்பாராக் காற்று வந்துவிட்டால், பந்தலை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்க. துணி கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம்.

சுருள்பந்தல் என்று யாம் இட்ட பெயர் வினைத்தொகை என்றோம். சுருண்ட பந்தலைக் கடையில் வாங்கினோம். சுருள்கின்ற பந்தலோடு கடற்கரையிற் போராடினோம். 'சுருளும்' என்னும் எதிர்காலத்தை மட்டுமே அன்று மறந்திருந்தோம். இப்பொழுது விரிக்கும்போதே சுருட்டும் நேரத்தை எம் பாட்டியாரிடம் கேட்டுக்கொள்கிறோம். அவர் கடற்புறம் முகத்தைத் திருப்பிச் சற்று நேரம் இருந்து, நேரத்தைச் சொல்லுவார். அச்சொல்லிற்கு யாம் மறுமொழி கூறுவதில்லை.